கரை ஒதுங்கிய கட்டைகளைப் படமெடுப்பது எப்படி: மும்பைக் கரைகளுக்கான முழுமையான வழிகாட்டி

மழைக்காலம் முடியும் தறுவாயில் மும்பையின் வடக்குக் கரைகளில், மத் தொடங்கி அக்ஸா, மனோரி, கோராய் வரைக்கும், கடல் கொண்டுவந்து போட்ட கட்டைகள் நிறையக் கிடக்கும். தென்னந்துண்டு, வேரோடு பிடுங்கி வந்த கண்டல் (அலையாத்தி) மரம், மூங்கில், பழைய படகின் பலகை என்று எல்லாம் இருக்கும். வருகிறவர்கள் பெரும்பாலும் அவற்றைத் தாண்டிப் போய் சூரிய அஸ்தமனத்தைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அஸ்தமனம் எல்லோர் போனிலும் இருக்கிறது. காலடியில் கிடக்கும் அந்தக் கட்டையின் வரிகள் உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

இந்த வழிகாட்டி அந்தக் கட்டைகளுக்கானது. கடல் அரித்த பாறைகளையும் கண்டல் வேர்களையும் இடையிடையே சேர்த்துக்கொள்கிறேன், முறை ஒன்றுதான் என்பதால். நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவதும் ஒரே விஷயம்தான்: ஒரு கட்டையை எது இப்படி ஆக்கியது என்று முதலில் பார்த்துவிடுங்கள். வெயிலா, மணலா, புழுவா, உப்பா? அது தெரிந்துவிட்டால் ஒளி எந்தப் பக்கமிருந்து வர வேண்டும், எவ்வளவு கிட்டப் போக வேண்டும், கலரா கறுப்பு வெள்ளையா என்பதெல்லாம் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

1. கேமராவை எடுக்கும் முன் கட்டையைப் பாருங்கள்

முதலில் நிறம். பல மாதம் வெயில் மழையில் கிடந்த மரம் வெள்ளி கலந்த சாம்பல் நிறமாகிவிடும். மரத்தில் நார்களைப் பிடித்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளை சூரியனின் புற ஊதாக் கதிர் சிதைக்கிறது. சிதைந்ததை மழையும் அலையும் கழுவிக்கொண்டு போகின்றன. மிஞ்சுவது வெளிறிய செல்லுலோஸ் நார். இந்தச் சாம்பல் மிக மெல்லிய மேல்தோல்தான், நகத்தால் லேசாகக் கீறினாலே அடியில் பழைய பழுப்பு தெரிந்துவிடும். அதனால்தான் கட்டை மேல் ஏறி நிற்காதீர்கள் என்கிறேன். செருப்புத் தடம் ஒன்று பட்டால் அந்தத் தோல் போய்விடும், திரும்ப வர மாதக்கணக்கில் ஆகும்.

அடுத்து வரிகள். மரத்தில் மென்மையான பகுதி சீக்கிரம் தேயும், இறுகிய பகுதி நின்றுகொள்ளும். மணல் கலந்த அலை திரும்பத் திரும்ப உரசும்போது இறுகிய வரிகள் மேடாகவும் மற்றவை பள்ளமாகவும் ஆகின்றன. கிளை முளைத்த இடத்தில் இருக்கும் கணு எல்லாவற்றையும்விட இறுகியது. அது அப்படியே புடைத்து நிற்க, சுற்றியுள்ள வரிகள் அதை வளைத்துக்கொண்டு ஓடும். கணு உள்ள கட்டை கிடைத்தால் விடாதீர்கள். படத்துக்கு ஒரு மையம் தயாராகவே கிடைத்துவிடுகிறது.

விரிசலுக்கும் கணக்கு இருக்கிறது. காயும்போது மரம் வளையங்களின் சுற்றுவாக்கில் அதிகமாகவும், நடுவை நோக்கிய திசையில் குறைவாகவும் சுருங்கும். அந்த இழுவையில்தான் வெட்டுமுகத்தில் விளிம்பு அகலமாக, நடுவை நோக்கிக் குறுகிப் போகிற ஆப்பு வடிவ விரிசல் விழுகிறது.

ஓட்டைகள் தனிக் கதை. பென்சில் பருமனில் வட்டமான ஓட்டைகள், உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அது கப்பல் புழுவின் வேலை. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். சின்னதாகிப்போன தன் சிப்பி ஓட்டால் மரத்தை அராவித் துளைத்து, போகிற வழியெல்லாம் சுண்ணாம்பு பூசிக்கொண்டே போகும். வெளியே சிறு துளை மட்டும்தான் தெரியும். கட்டை உடைந்த இடத்தைப் பாருங்கள்: உள்ளே குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், ஒன்றை ஒன்று தொடாமல் விலகிப் போயிருக்கும். நான் பார்த்த ஒரு துண்டில் இரண்டு குழாய்களுக்கு நடுவே காகிதத் தடிமனுக்குத்தான் மரம் மிச்சம் இருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்த இடம் தேன் நிறத்தில் ஒளிர்ந்தது. அப்படி ஒரு உடைந்த முனை கிடைத்தால் முழுக் கட்டையையும் மறந்துவிட்டு அந்த ஒரு சாண் இடத்திலேயே மாலையைக் கழிக்கலாம்.

கட்டையில் காம்புள்ள கொட்டலசு (மரத்திலும் பாறையிலும் ஒட்டி வாழும், ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டியிருந்தால் அது ஆழக்கடலில் வெகுகாலம் மிதந்து வந்தது என்று அர்த்தம். சாதாரணக் கூம்புக் கொட்டலசு என்றால் கரையை ஒட்டி எங்கோ கிடந்திருக்கலாம். படகுப் பலகையில் ஆணியைச் சுற்றி நீலம் பாய்ந்த கறுப்புக் கறை இருக்கும். இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் ஈரத்தில் சேர்ந்து உண்டான கறை அது. துருவின் ஆரஞ்சு, கறையின் கறுப்பு, மரத்தின் சாம்பல் மூன்றும் ஓரிடத்தில் வரும் அந்த இடத்தைக் கலரில்தான் எடுக்க வேண்டும்.

தென்னைக்கு வளையம் கிடையாது. கற்றை கற்றையாக நார்தான். நடுவிலுள்ள மென்சோறு கரைந்து போனதும் முனையில் நார்கள் குத்திட்டு நிற்கும். வெண்கண்டல் மரம் அடுக்கடுக்காக வளர்வது, அதனால் சிதையும்போதும் அடுக்கடுக்காகப் பிரியும். நெய்தல் நிலத்துச் சங்கப் பாடல்களில் வரும் கண்டலின் இனத்தவை இந்த ஊர்க் கழிமுகங்களிலும் நிற்கின்றன என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் எனக்கு அந்தக் கட்டைகள் மேல் தனிப் பிரியம் வந்துவிடுகிறது.

2. எங்கே போவது

ஜூஹுவும் கிர்காவ் சௌபாட்டியும் இந்த வேலைக்கு அவ்வளவு ஒத்துவராது. தினமும் காலையில் மாநகராட்சி ஆட்களும் இயந்திரங்களும் சுத்தம் செய்துவிடுவார்கள், கட்டை தங்காது. வெர்சோவாவில் 2015-இல் வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷா தொடங்கிய துப்புரவுப் பணிக்குப் பிறகு மணல் வெளியே தெரிகிறது. அங்கே கட்டையைவிட, மீனவர் குடியிருப்பான கோலிவாடா பக்கம் ஏற்றி வைத்திருக்கும் பழைய மரப்படகுகளின் அடிப்பாகம்தான் சரக்கு. படகுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

கட்டைக்கென்றே போவதானால் அக்ஸா, அதன் பக்கத்திலுள்ள தானாபானி, எரங்கல், மனோரி, கோராய். மலாட் ஸ்டேஷன் மேற்கில் இறங்கி பெஸ்ட் நிறுவனத்தின் மாநகரப் பஸ் பிடித்தால் மார்வே, அக்ஸா, மத் எல்லாம் வந்துவிடும். மார்வேயிலிருந்து மனோரிக்குப் படகு, வெர்சோவாவிலிருந்து மத்துக்கும் படகு. ஒரு எச்சரிக்கை: மார்வே பக்கம் ஐ.என்.எஸ். ஹம்லா கடற்படைத் தளம் இருக்கிறது, மத் கோட்டை விமானப்படை வசம். அந்தச் சுவர்களை நோக்கிக் கேமராவைத் திருப்பாதீர்கள். அனுமதி இல்லாமல் ட்ரோன் எங்குமே வேண்டாம்.

பாறைக்கு பாந்த்ரா பாண்ட்ஸ்டாண்ட். தக்காணத்தை மூடிய எரிமலைக் குழம்பு சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இறுகி உண்டான பசால்ட் அது. குழம்பில் இருந்த வாயுக் குமிழ்கள் விட்டுப்போன துளைகளை இன்றும் பார்க்கலாம். அந்தேரி மேற்கில் கில்பர்ட் ஹில் என்று கிட்டத்தட்ட 60 மீட்டர் உயரத்துக்கு அதே பசால்ட் தூண் தூணாக நிற்கிறது. கட்டையின் வரியைப் படமெடுத்துப் பழகியவருக்கு அந்தத் தூண்களின் செங்குத்து வரிகள் உடனே பிடிபட்டுவிடும்.

தாராவி, சயான், மாட்டுங்கா பக்கம் இருப்பவர்கள் மலாட் வரை அலைய நேரமில்லை என்றால் தாராவி ஓரத்திலேயே மகாராஷ்டிரா நேச்சர் பார்க் இருக்கிறது. ஒரு காலத்தில் குப்பைமேடாக இருந்த இடம், இப்போது காடு. ஒருபுறம் மித்தி ஆறு, கண்டல். பட்டுப்போன மரம், உரிந்த பட்டை, நரம்பு மட்டும் மிஞ்சிய இலை என்று பழகுவதற்கு வேண்டிய எல்லாம் உண்டு. தாராவியில் இருக்கும் என் அத்தை மகனை முதல் முறை கூட்டிப்போனபோது, “அண்ணே, இந்த வழியா தினம் பஸ்ல போறேன், உள்ளே இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது” என்றான்.

3. நாளையும் நேரத்தையும் கடலைக் கேட்டு முடிவு செய்யுங்கள்

நம் ஊர்க் கடல் பழகியவர்களுக்கு மும்பைக் கடல் புதிதாக இருக்கும். சென்னையில் கடல்நீர் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர் அளவுதான் வித்தியாசம். மும்பையில் மழைக்காலப் பெரும் ஏற்றம் 4.5 மீட்டரைத் தாண்டும். அந்த நாட்களின் பட்டியலை மாநகராட்சி முன்கூட்டியே வெளியிடுகிறது. தினம் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும்.

இதில் நமக்கு வசதியான ஒரு கணக்கு உண்டு. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பெரிய ஏற்றம் நடுப்பகலை ஒட்டி வரும். அப்படியானால் வற்றம் மாலை ஆறு, ஏழு மணிக்கு, அதாவது சூரியன் இறங்கும் நேரத்துக்கே. அன்று மாலை கடல் வெகுதூரம் விலகிக் கிடக்கும், ஈர மணல் கண்ணாடியாக இருக்கும், பாறைகள் அடிவரைக்கும் தெரியும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இது அப்படியே மாறி, மாலையில் தண்ணீர் ஏறி நிற்கும். அலை கட்டையைச் சுற்றி ஓடுகிற படம் வேண்டுமென்றால் அந்த நாட்கள். வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரே போதும், மாதத்துக்கான திட்டம் போட்டுவிடலாம். போகும் நாளன்று மட்டும் ஏற்ற நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கரையில் மீனவர் யாராவது இருந்தால் “தாதா, பர்தி கிதி வாஜ்தா?” (அண்ணே, ஏற்றம் எத்தனை மணிக்கு?) என்று மராத்தியில் கேளுங்கள். நிமிடக் கணக்கில் சொல்வார்கள்.

இன்னொன்று. அமாவாசைப் பெரும் ஏற்றம் மேலே கொண்டுவந்து போட்ட கட்டையை அடுத்த சிறு ஏற்றங்கள் தொடாது. பௌர்ணமி வரை ஏறக்குறைய இரண்டு வாரம் அது அங்கேயே கிடக்கும். ஆகவே முதல் நாள் சும்மா நடந்து பார்த்து வையுங்கள், ஒளி நன்றாக இருக்கும் இன்னொரு நாள் போய் எடுங்கள். ஒரே மாலையில் தேடவும் எடுக்கவும் முயன்றால் இரண்டும் அரைகுறையாகிவிடும்.

பருவம் என்று பார்த்தால் ஆகஸ்ட் கடைசி முதல் நவம்பர் வரை கட்டை அதிகம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஒளி நன்றாக இருக்கும், கட்டையும் காய்ந்து வெளுத்திருக்கும். எனக்கு ஜனவரிதான் பிடிக்கும். கணபதி விசர்ஜன் முடிந்த மறுநாட்களில் கரையில் ஒதுங்கும் பலகைகளையும் சிலைத் துண்டுகளையும் நான் எடுப்பதில்லை. ஒருவர் வணங்கி விட்டுப்போனதை அழகுப் பொருளாக்குவது எனக்கு ஒப்பவில்லை.

4. கையில் என்ன இருக்க வேண்டும்

அதிகம் வேண்டாம். எந்தக் கேமராவானாலும் 50 முதல் 100 மில்லிமீட்டருக்குள் ஒரு லென்ஸ், மிகக் கிட்டத்தில் எடுக்க உதவும் மேக்ரோ என்றால் இன்னும் நல்லது. ஒரு ட்ரைபாட். புதிதாக வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்றால் ஃபோர்ட் போரா பஜாரில் பழையது விசாரியுங்கள். மினுக்கத்தைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் ஒன்று. இவை போக, கடையில் கேட்டால் விற்க மாட்டார்கள் என்ற வகையில் மூன்று சாமான்: கறுப்புக் குடை, பழைய வெள்ளை வேட்டி ஒரு பாதி, தூசி தட்ட மென்மையான பெயின்ட் பிரஷ். மூன்றும் எதற்கு என்று கீழே வருகிறது. ஒரு குப்பைப் பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

5. ஒளி

இங்கேதான் படம் நிற்பதும் விழுவதும்.

மும்பைக் கரை மேற்குப் பார்த்தது. காலையில் சூரியன் ஊர்ப்பக்கம் எழும். ஜூஹு போன்ற இடத்தில் கட்டடங்களின் நிழல் மணலை விட்டு விலகவே வெகுநேரம் ஆகும், அதற்குள் வெயில் உச்சிக்கு ஏறத் தொடங்கிவிடும். எனவே மாலைதான் நம் நேரம். டிசம்பரில் ஆறு மணி சுமாருக்கும் ஜூனில் ஏழேகால் வாக்கிலும் சூரியன் மறையும். கடைசி ஒன்றரை மணி நேரம் முக்கியம்.

எல்லோரும் செய்வதுபோலக் கடலைப் பார்த்து நின்றால் கட்டை வெறும் கறுப்பு நிழலாகத்தான் விழும். வடக்கையோ தெற்கையோ பார்த்து நில்லுங்கள். கரையோரமாக நீள்கிற பார்வை. இப்போது வெயில் பக்கவாட்டில் வருகிறது. உருட்டி வரும் அலை நீளக் கட்டைகளைப் பெரும்பாலும் கரைக்கு இணையாகவே போட்டுவிட்டுப் போகும். அப்படியானால் மரத்தின் வரிகள் வடக்குத் தெற்காக ஓடும், மேற்கிலிருந்து வரும் தாழ்ந்த வெயில் அந்த வரிகளைக் குறுக்காக வெட்டும். ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பக்கம் ஒளி, மறுபக்கம் நிழல். அரை மில்லிமீட்டர் வரிகூட எழுந்து நிற்கும். இந்தக் கரை நமக்குத் தரும் பெரிய வரம் இதுதான்.

எந்த அடையாளத்துக்கு எந்த ஒளி என்பதை முதல் படியில் பார்த்ததோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மணல் தேய்த்த வரிக்கு, வரிக்குக் குறுக்கே மிகத் தாழ்வாக வரும் ஒளி. புழுத்துளைக்கு அவ்வளவு தாழ்வு கூடாது. கொஞ்சம் மேலிருந்து சாய்வாக வந்தால்தான் துளையின் உதடு துலங்கி உள்ளே கறுப்பு ஆழமாகத் தெரியும். விரிசலுக்கு, விரிசலின் போக்குக்குக் குறுக்கே. வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு நேர்வெயிலே ஆகாது. மேகம் மூடிய வானமோ, சூரியன் மறைந்த பிறகு வரும் இருபது நிமிடமோ வேண்டும்.

சரி, பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் வர முடிந்தது என்றால்? வேட்டியை விரித்து வெயிலுக்கும் கட்டைக்கும் நடுவே இருவர் பிடித்துக்கொள்ளுங்கள். கடுமையான வெயில் வேட்டி வழியே வடிந்து மென்மையாக விழும். தனியாக இருந்தால் அந்த நேரத்தைக் கட்டையின் அடிநிழலிலுள்ள குடைவுகளை எடுக்கப் பயன்படுத்துங்கள்.

மழைக்கால மேகமூட்டத்தில் பிரச்சினை வேறு. எல்லாப் பக்கமிருந்தும் ஒரே அளவு ஒளி வருவதால் கட்டை தட்டையாகிவிடும். அப்போது கறுப்புக் குடையை விரித்து, கட்டையின் ஒரு பக்கம், ஃபிரேமுக்கு வெளியே, எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட வையுங்கள். குடை அந்தப் பக்கத்து ஒளியைக் குடித்துவிடும், கட்டைக்கு ஒரு நிழல்பக்கம் கிடைக்கும், அதன் உருட்சி திரட்சியாகத் தெரியும். குடையை முன்னும் பின்னும் நகர்த்தித் திரையைப் பாருங்கள். ஒரு சாண் நகர்ந்தாலே வித்தியாசம் தெரியும். விலையுயர்ந்த விளக்குகளை நான் கரைக்குக் கொண்டுபோகாததற்கு இந்தக் குடைதான் காரணம்.

ஈரமும் ஒளியின் கணக்கில்தான் வரும். நனைந்த மரம் கறுத்து, நிறம் ஏறி, வரிகள் அழுத்தமாகும். காய்ந்தது வெளிறி மென்மையாக இருக்கும். பாதி நனைந்து பாதி காய்ந்த கட்டையில் இரண்டும் ஒரே படத்தில் கிடைக்கிறது. வற்றம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் அதைப் பிடிக்கலாம். நனைந்த பரப்பின் மினுக்கம் தொல்லை செய்தால் போலரைசரை மெதுவாகத் திருப்புங்கள். முழுவதும் அழித்துவிடாமல் கொஞ்சம் மினுக்கம் விட்டால்தான் ஈரம் ஈரமாகத் தெரியும்.

6. ஃபிரேமுக்குள் என்ன

முழுக் கட்டையையும் அடக்கப் பார்க்காதீர்கள். சுற்றி நடந்து, உட்கார்ந்து, கட்டையில் எந்த இடம் உங்களை நிறுத்தி வைக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அதை மட்டும் ஃபிரேம் முழுக்க நிரப்புங்கள். தொடுவானம் உள்ளே வந்தால் கண் அங்கே ஓடிவிடும். கலிஃபோர்னியாவின் பாயிண்ட் லோபோஸ் கரையில் சைப்ரஸ் வேர்களையும் பாறைகளையும் ஆண்டுக்கணக்கில் எடுத்த அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் பல படங்களில் வானத்துக்கே இடம் தரவில்லை. வேரின் முறுக்கு ஃபிரேமின் நான்கு ஓரத்தையும் தொட்டுக்கொண்டிருக்கும். எது பெரிது, எது சின்னது என்ற அளவுகோலே மறைந்துபோய் வடிவம் மட்டும் நிற்கும்.

வரிகள் ஃபிரேமை எங்கே விட்டு வெளியேறுகின்றன என்று ஒவ்வொரு மூலையாகப் பாருங்கள். சரியாக மூலையில் முடிகிற வரி கண்ணை வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். கேமராவை ஒரு விரல் அளவு நகர்த்தினால் தீர்ந்துவிடும்.

பிளாஸ்டிக் விஷயத்துக்கு வருவோம், மும்பைக் கரையில் இதைத் தவிர்க்க முடியாது. பால் கவர், செருப்பு, தெர்மோகோல் எல்லாம் கட்டையைச் சுற்றிக் கிடக்கும். கட்டை மேல் வந்து ஒட்டிக்கொண்டதை எடுத்துப் பையில் போடுங்கள், போகும்போது கூடவே கொண்டுபோய்விடுங்கள். ஆனால் மீன்வலையின் நைலான் கயிறு கிளைக் கவட்டில் இறுகிச் சிக்கி, மரத்தோடு சேர்ந்தே தேய்ந்து, அதுவும் வெளிறிப்போயிருந்தால் அதைப் பிடுங்காதீர்கள். அது அந்தக் கட்டையின் கதையில் சேர்ந்துவிட்டது. மற்ற குப்பையை எடிட்டிங்கில் அழித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம், அங்கே இருந்து படத்தில் இல்லாததைவிடக் கரையிலும் இல்லாமல் போவது நல்லது.

வரிகளுக்குள் மணல் அப்பியிருந்தால் பிரஷால் ஒரு பக்கமாகத் தட்டிவிடுங்கள். சின்னக் கட்டையைத் திருப்பிப் பார்க்கலாம், ஆனால் அடியில் நண்டோ சங்கு நண்டோ இருக்கும். பார்த்துவிட்டு இருந்தபடியே வைத்துவிடுங்கள். கண்டல் காட்டுக்குள் கிடக்கும் மரத்தைத் தொடவே கூடாது, அது பாதுகாக்கப்பட்ட இடம், அங்கே மட்குவதுதான் அந்தக் காட்டுக்கு உரம்.

7. ஃபோகஸும் எக்ஸ்போஷரும்

கட்டைப் படத்தில் வரிகள் முன்னிருந்து பின்வரை கூர்மையாக இருக்க வேண்டும். கேமராவைக் கட்டையின் பரப்புக்கு இணையாக வைப்பதுதான் முதல் வழி. இதை ஒழுங்காகச் செய்தாலே எஃப்/8 போதும் (இது லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் கூடக் கூடத் துவாரம் சிறிதாகும்). பரப்பு வளைந்திருந்தால் எஃப்/11. அதற்கு மேல் எஃப்/16, எஃப்/22 என்று போனால் சிறு துவாரத்தில் ஒளி பரவுவதால் (டிஃப்ராக்ஷன்) மொத்தப் படமும் மழுங்கத் தொடங்கும், கிடைத்ததைவிட இழப்பது அதிகம்.

மிகக் கிட்டப் போய்ப் புழுத்துளைகளை எடுக்கும்போது எஃப்/11-உம் பற்றாது. அப்போது ஃபோகஸ் ஸ்டாக்கிங்: ட்ரைபாடில் நிறுத்தி, மிக முன்னால் உள்ள புள்ளியில் தொடங்கி ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே நகர்த்தி எட்டுப் பத்துப் படம் எடுத்து, வீட்டில் ஒன்றாக இணைப்பது. எடுக்கும் நேரத்தில் வெளிச்சமும் கட்டையும் மாறக் கூடாது. அலை தொடும் இடத்தில் இது நடக்காது.

ட்ரைபாட் மணலில் இறங்கிக்கொண்டே இருக்கும். கால்களை முதலிலேயே நன்றாக அழுத்திப் புதைத்துவிடுங்கள். அலை வந்து போனதும் மறுபடி ஒருமுறை அழுத்துங்கள். ஐ.எஸ்.ஓ (ஒளியுணர்வு அளவு) 100, இரண்டு விநாடி டைமர், அவ்வளவுதான். கட்டையைச் சுற்றி அலை கோடு கோடாக ஓட வேண்டும் என்றால் ஷட்டர் அரை விநாடி முதல் இரண்டு விநாடி வரை, அலை பின்வாங்கும் தருணத்தில் அழுத்துங்கள். முப்பது விநாடி வைத்தால் கடல் பனிமூட்டமாகிவிடும். எனக்கு அது வேண்டாம், தண்ணீரின் வேகம்தானே அந்தக் கட்டையைத் தேய்த்தது.

எக்ஸ்போஷரில் கேமரா ஏமாறும். கறுத்த பசால்ட் நிறைந்த ஃபிரேமை அது இருட்டு என்று நினைத்து வெளுக்க வைக்கும், ஒரு ஸ்டாப் (ஒளியைப் பாதியாக்கும் அளவு) வரை குறையுங்கள். வெளுத்த கட்டை ஃபிரேமை நிறைத்தால் நேர்மாறாக அழுக்குச் சாம்பலாக்கிவிடும், மூன்றில் இரண்டு ஸ்டாப் கூட்டுங்கள். ஒளியின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் வலது ஓரம் முட்டாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெள்ளிச் சாம்பலில் ஒளி எரிந்துபோனால் அந்த நார்களை எந்த எடிட்டிங்கும் மீட்டுத் தராது. கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பான ரா ஃபைலில் எடுங்கள்.

8. போன் மட்டும்தான் இருக்கிறது என்றால்

தாராளமாகப் போதும். வெஸ்டனும் இன்னொரு அமெரிக்கப் புகைப்படக் கலைஞரான அன்செல் ஆடம்ஸும் சேர்ந்திருந்த, 1932-இல் உருவான குழு எஃப்/64 என்று பெயர் வைத்துக்கொண்டதே, அவர்களுடைய பெரிய கேமராக்களில் அவ்வளவு சிறிய துவாரம் வைத்தால்தான் முன்னும் பின்னும் கூர்மையாக வரும் என்பதால். போனின் சென்சார் சிறியது, அந்தக் கூர்மை உங்களுக்குச் சும்மாவே கிடைக்கிறது.

மெயின் கேமராவையோ 2எக்ஸ், 3எக்ஸையோ பயன்படுத்துங்கள். அகலக் கோண லென்ஸில் கிட்டப் போனால் கட்டை வீங்கித் தெரியும். சில போன்கள் கிட்டே கொண்டுபோனதும் தாமாகவே மேக்ரோவுக்கு மாறிவிடும். அது பெரும்பாலும் அந்த அகலக் கோண லென்ஸ்தான், அமைப்பில் போய் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பின்வாங்கி ஜூம் செய்யுங்கள். திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் ஒளியையும் பூட்டி, ஒளியைச் சற்றே கீழே இறக்குங்கள். போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம், கிளை நுனிகளை அது பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடும்.

9. உயிர் முக்கியம்

அக்ஸாவில் ஆண்டுதோறும் ஆட்கள் மூழ்குகிறார்கள். அங்கே நீரோட்டமும் காலை இழுக்கும் மணலும் மோசம், படத்துக்காக முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதீர்கள். பாண்ட்ஸ்டாண்ட் பாறைகளில் பச்சைப்பாசி வழுக்கும். மழைக்கால ஏற்றத்தில் அந்தப் பாறைகள் பக்கமே போகக் கூடாது, பெரிய அலை சொல்லிக்கொண்டு வராது. ஏற்றம் ஒரே வேகத்தில் வருவதில்லை, தொடங்கி மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில்தான் மிக வேகமாக ஏறும். தட்டையான கரையில் குனிந்து ஃபோகஸ் செய்துகொண்டிருக்கும்போது பின்பக்கம் தண்ணீர் சூழ்ந்துவிடும். போனில் அலாரம் வைத்துக்கொண்டு இறங்குங்கள். ஜூலை, ஆகஸ்டில் நீலக் குமிழ் போன்ற கடல்சொறி கரையில் ஒதுங்கும். செத்துக் கிடந்தாலும் அதன் இழை கொட்டும், வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

10. கம்ப்யூட்டரில்

குறைவாகச் செய்யுங்கள். எடிட்டிங்கில் வரிகளை அழுத்தமாக்கும் டெக்ஸ்சர், கிளாரிட்டி இரண்டையும் ஏற்றிவிட்டால் மரம் தகரம் மாதிரி ஆகிவிடும். பக்க ஒளியில் எடுத்த படத்துக்கு அவை தேவையே இல்லை.

கறுப்பு வெள்ளையா என்று தீர்மானிக்க ஒரு வழி: நிறத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள், படத்தில் எதுவும் குறையவில்லை என்றால் கறுப்பு வெள்ளையே இருக்கட்டும். வரி, விரிசல், முறுக்கு எல்லாம் அப்படித்தான் வரும். துரு, பாசி, ஆணிக்கறை, மாலை வெயிலில் தேன் நிறம் கொண்ட மரம் இவற்றைக் கலரிலேயே விடுங்கள். கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது ஆரஞ்சு, மஞ்சள் பகுதிகளின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள், மரமும் மணலும் தனித்தனியாகப் பிரியும். பிறகு வரிகளின் மேட்டைக் கொஞ்சம் வெளுத்து, பள்ளத்தைக் கொஞ்சம் கறுத்து, தூரிகையால் இடம் இடமாக வேலை செய்யுங்கள். போனில் ஸ்னாப்சீட், கம்ப்யூட்டரில் டார்க்டேபிள், இரண்டும் இலவசம், இதற்குப் போதும்.

ஒரு படமாவது மேட் தாளில் பிரின்ட் போடுங்கள். பளபளத் தாளில் மரத்தின் வறட்சி காணாமல் போய்விடும்.

11. வீடு திரும்பியதும்

ட்ரைபாடின் கால்களைப் பிரித்து நல்ல தண்ணீரில் அலசிக் காய வையுங்கள், ஒரு இரவு விட்டாலே உப்பு பிடித்துத் திருகு இறுகிவிடும். கேமரா உடம்பை ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். லென்ஸ் முகப்பில் மணல் இருக்கும்போது துணி படக்கூடாது, முதலில் ஊதுங்கள். கரையில் லென்ஸ் மாற்றவே வேண்டாம். மும்பை ஈரப்பதத்தில் பையிலேயே கிடக்கும் லென்ஸில் பூஞ்சை படரும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் சூடாக்கிக் காய வைத்து மறுபடி போடலாம்.

அப்புறம், படங்களுக்குப் பெயர் வைக்கும்போது இடம், தேதி, திதி, அன்றைய வற்ற நேரம் நான்கையும் சேர்த்து எழுதுங்கள். எந்த மரம் என்று தெரிந்தால் அதையும், தெரியாவிட்டால் துளை, கணு, ஆணி என்று கண்ணில் பட்டதையும். பெரும் ஏற்றமும் எட்டாத மேட்டில் கிடக்கும் ஒரே கட்டையை மாதம் ஒருமுறை, அதே திதியில், அதே இடத்தில் நின்று எடுத்து வந்தால் அடுத்த மழைக்குள் ஒரு முழு வரிசை சேர்ந்துவிடும். முதல் படத்தில் கட்டை எங்கே கிடக்கிறது என்பதற்கு அடையாளமாகப் பின்னால் உள்ள மரத்தையோ சுவரையோ சேர்த்துத் தனியாக ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் கண்டுபிடிப்பது கஷ்டம்.